சூடு ஆறுவதற்குள்

இன்னும் நான்கு பேர்தான். அந்த நான்கு பேரும் சுபாவின் கைகளில் வளையல் அடுக்கி முடித்ததும் அவளை எழுப்புவார்கள், அவள் எழுந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொல்வார்கள். சூடு ஆறுவதற்குள் உட்கார வேண்டும், அதுதான் இதில் முக்கியம் என்று செண்பகம் சித்தி காலையிலேயே சொல்லிவிட்டாள். பிள்ளைத்தாச்சி எழுந்த இடத்தின் சூடு பிள்ளை இல்லாதவள் உடம்பில் ஏறினால் அடுத்த வருஷம் அவளுக்கும் வளைகாப்பு. முன்பெல்லாம் மரப்பலகையாம். இப்போது மண்டபத்துக்காரர்கள் வாடகைக்குத் தருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலி, முதுகில் தங்க நிறத்தில் இரண்டு மயில், கைப்பிடியில் ஒரு சிங்கத்துக்கு மூக்கில்லை. நேற்று இதில் யாரோ பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள், முந்தாநாள் அறுபதாம் கல்யாணக் கிழவர் ஒருவர். அவர்கள் சூடெல்லாம் எங்கே போயிற்று என்று சித்தியிடம் கேட்கலாம். கேட்கமாட்டேன். பதினொரு வருஷமாக நான் இந்தக் குடும்பத்தில் கேட்காமல் விட்ட கேள்விகளை அடுக்கினால் இந்த மண்டபத்தின் கூரையைத் தொடும். மேலே மின்விசிறி சத்தத்தோடு சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை. பாளையங்கோட்டை வெயில் கண்ணாடி வழியாக வந்து என் பட்டுப்புடவை மடியில் உட்கார்ந்திருக்கிறது. முதல் வரிசையில், ஓரத்தில், எல்லோரும் பார்க்க வசதியான இடத்தில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். சுபா என் நாத்தனார். ஏழு மாதம். கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்து, சிரிக்கும்போதெல்லாம் துகளாக உதிர்கிறது. முதலில் வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பாகப் போட்டார்கள், இப்போது கண்ணாடி. பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. சுபா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறாள். மைனிதான் எனக்கு முதல் வளையல் போடணும் என்று அவள் காலையில் சொன்னபோது அத்தை, அதான் என் மாமியார், பூ தொடுத்துக்கொண்டே, அவளுக்குத்தான் தனியா இருக்குல்லா என்றாள். தனியாகத்தான் இருக்கிறது எனக்கு.

இருக்கட்டும். அது பழைய கதை, சடங்கில் வளையல் போட என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்பது எனக்குப் பழகிப்போனது. பழகாதது காலையில் காதில் விழுந்தது. மணமகள் அறையில் நான் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தேன், வாயில் ஊக்கு. பக்கத்து அறைக்கும் இதற்கும் நடுவில் தடுப்புச் சுவர், மேலே ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் அத்தையும் செண்பகம் சித்தியும் வேப்பங்குச்சி வளைத்துக்கொண்டிருந்தார்கள், குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. சித்தி ஏதோ கேட்டிருக்க வேண்டும். அத்தை சொன்னாள்: "கொறை அவகிட்டதான். ஸ்கேன்ல தெரிஞ்சிட்டாம், கர்ப்பப்பையே சரியில்லையாம். எம்பிள்ளை ஒத்தச் சொல்லு வெளிய விடாம பொத்திப் பொத்தி வச்சிருக்கான். வேற ஒருத்தன்னா இந்நேரம் ரெண்டாங்கல்யாணம் முடிச்சிருப்பான்." சித்தி நாக்கைச் சப்புக்கொட்டினாள். ஊக்கு என் வாயிலேயே இருந்தது. எந்த ஸ்கேன்? நான் எந்த ஸ்கேனுக்கும் போனதில்லை. நாங்கள் எந்த டாக்டரிடமும் போனதில்லை, போகத் தேவை இருந்ததில்லை. அத்தையாகவே கற்பனை செய்துகொண்டாளா? அப்படித்தான் இருக்கும். எதையும் தானாகக் கோத்துக்கொள்கிற ஆள்தான் அத்தை, மழை வந்தாலும் யாரோ செய்த பாவம் என்பாள். ஆனால் அத்தைக்கு ஸ்கேன் என்கிற சொல் எப்படி வந்தது. தெரிஞ்சிட்டாம், சரியில்லையாம். ஒரு 'ஆம்' தன் கற்பனையில் இருந்து வராது. யாரோ சொன்னதைச் சொல்லும்போதுதான் வரும். யாரோ என்ன யாரோ. அத்தையிடம் இதைச் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான், என் புருஷன். அவன் இப்போது தூணில் சாய்ந்துகொண்டு செல்போனில் தங்கையை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான், கரைவேட்டி, மடித்துவிட்ட சட்டைக்கை, போகிற வருகிற கிழவிகளெல்லாம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். தட்டுகிறார்கள். இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு விசேஷத்திலும் அவனைத் தட்டுவார்கள். பாசம் என்று நினைத்திருந்தேன்.

பிள்ளை வேண்டாம் என்று முதலில் சொன்னது அவன். அதை நான் மறக்கக்கூடாது. மறந்தால் எல்லாம் என் மேல் வந்துவிடும். கல்யாணமாகி இரண்டாவது மழைக்காலம், தாம்பரம் வீட்டில் மின்சாரம் போய், நான் போண்டா சுட்டுக்கொண்டிருந்தேன். அவன் அடுப்புத் திட்டில் ஏறி உட்கார்ந்து கையில் சூடு தாங்காமல் போண்டாவைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டே சொன்னான்: எனக்குப் பிள்ளை வேண்டாம்னு தோணுது அரசி, உனக்கு? என் பெயர் மங்கையர்க்கரசி, அரசி என்று சுருக்கியவன் அவன்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது, கல்லூரி நாளிலிருந்தே. ஆனால் அதை வாயால் சொன்னால் என்னைப் பிசாசு என்பார்கள் என்று நினைத்து, பல்லுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவன் போண்டாவை ஊதிக்கொண்டே சொல்லிவிட்டான். அன்றைக்குத்தான் அவனை எனக்குப் பிடித்தது, உண்மையில். அதற்கு முன் அவன், வீட்டார் பார்த்து வைத்த மாப்பிள்ளை, இயற்பியல் பேராசிரியர், அவ்வளவுதான். வாடகை வீடு மாறியபோது ராகு காலத்தில்தான் லாரி கிடைத்தது, அந்த நேரத்திலேயே போனோம், அவன் லாரிக்காரருக்கு ராகுவையும் கேதுவையும் பற்றி வகுப்பே எடுத்தான். அத்தை கருகாவூர் அம்மன் கோயிலிலிருந்து பிள்ளை வரத்துக்கான பிரசாத நெய் வாங்கி அனுப்பினாள், நாற்பத்தெட்டு நாள் நாக்கில் தடவிக்கொள்ளச் சொல்லி. நல்ல நெய். தோசைக்கு ஊற்றித் தின்று ஒரு வாரத்தில் தீர்த்தோம், இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லேன் என்று அவன் சொல்ல எனக்குப் புரையேறியது. வீட்டில் அவன் எனக்கு நீ, நான் அவனுக்கு நீ. ரயில் மதுரை தாண்டியதும் நான் நீங்கள் என்று மாறிவிடுவேன். ஊருக்காக. அதுவும் ஒரு வேடிக்கைதான், இரண்டு பேருக்கும் தெரிந்த வேடிக்கை என்று நினைத்தேன். நெய் தின்று சிரித்தபோது அவனும்தானே சிரித்தான். அதற்கு முன்பே அந்த ஸ்கேன் கதையைச் சொல்லியிருந்தானா, பின்பா? முன்பு என்றால் அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு. அத்தை நெய் அனுப்பியதே ஸ்கேனுக்காகத்தான் என்றால். இது எங்கேயோ போய் மாட்டிக்கொள்கிறது, இதே இடத்தில், காலையிலிருந்து. தங்கையைப் பார்த்துச் சிரிக்கிறான். நல்ல சிரிப்புதான் அவனுக்கு.

இப்போது மூன்று பேர். வளையல் போடுகிற கிழவியின் விரலிலிருந்து ஒரு வளையல் நழுவி விழுந்து உருண்டு மேடை ஓரத்தில் நிற்கிறது, உடையவில்லை, எல்லோரும் அப்பாடா என்கிறார்கள். உடைந்தால் என்ன ஆகும்? கண்ணாடி உடையும். அவ்வளவுதான் என்று சொல்கிற ஆள் இந்த மண்டபத்தில் இரண்டு பேர் இருந்தோம், இன்று காலை வரை. சுபா காலையில் தலை பின்னும்போது என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள், பாருங்க மைனி, உதைக்கான். கையை எடுக்கத்தான் நினைத்தேன். துணிக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்ந்தது, மீன் திரும்புவது மாதிரி. எடுக்க நினைத்த கையை நானே இன்னும் அழுத்தி வைத்தேன். அது என்ன? அதைத்தான் பயத்தோடு திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அது எனக்குள்ளிருந்து வந்ததா, அல்லது இவர்கள் இத்தனை வருஷமாக ஊற்றி ஊற்றி என்னில் தேங்கிப்போன ஒன்றா? பத்து வருஷம் ஒரு வீட்டு வாசலில் நின்று நீ பசியாகத்தான் இருக்கிறாய் என்று எல்லோரும் சொன்னால், ஒருநாள் வயிறு சத்தம் போடாதா. எனக்கு வேண்டியது எது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு காலை வீட்டின் அமைதி. வேலை முடிந்து வந்து யாருக்கும் எதுவும் தர வேண்டாமல் அரைமணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சுவரைப் பார்க்கவா பிள்ளை வேண்டாம் என்றாய் என்பார்கள். ஆமாம். சுவரைப் பார்க்கத்தான். பிள்ளை வேண்டும் என்கிறவளிடம் எதற்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லையே. சுபா என் கையை விடாமலேயே மெல்லச் சொன்னாள், கதவைப் பார்த்துக்கொண்டு: "எனக்கு இப்ப வேண்டாம்னுதான் இருந்துச்சு மைனி. பெங்களூர் வேலைக்குக் கேட்டிருந்தேன்லா. எங்க மாமியாருக்கு முடியாம இருக்கு, பேரனப் பாக்கணும்னு ஒரே அழுகை." அப்புறம் அவளே, இப்ப சந்தோஷமாத்தான் இருக்கு என்றாள். இருக்கலாம். சந்தோஷமாக இருப்பதைத் தவிர அவளுக்கு இனி வேறு வழியும் இல்லை. அப்படி வருகிற சந்தோஷமும் சந்தோஷம்தானே, யாருக்குத் தெரியும். சந்தனம் உதிர்கிறது.

நான் லிப்ட் ஆய்வு செய்கிறவள். அரசு வேலை. கட்டடம் கட்டடமாகப் போய், கம்பி தாங்குமா, பிரேக் பிடிக்குமா, எத்தனை பேரை ஏற்றலாம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. அலுவலகத்தில் ஞாயிறு ஆய்வு வந்தால் என் பெயர்தான், மேடத்துக்கு வீட்டில் என்ன வேலை, பிள்ளையா குட்டியா என்பார் கண்காணிப்பாளர், குறையாகச் சொல்லவில்லை, சௌகரியமாகச் சொல்கிறார். போவேன். லிப்ட் பெட்டியின் மேல் ஏறி நின்று, இருட்டுக் குழிக்குள் மெல்ல மேலே போகும்போது உலகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. பெட்டி மேலே ஏற ஏற, அதே கம்பியின் மறுமுனையில் கட்டிய இரும்புப் பாளங்கள் என் முகத்துக்கு நேரே உரசுகிற மாதிரி கீழே இறங்கும். கவுன்டர்வெயிட். அது இறங்காமல் பெட்டி ஏறாது. பெட்டிக்குள் கண்ணாடி உண்டு, விளக்கு உண்டு, சில இடங்களில் பாட்டு கூட உண்டு. இந்த இரும்புக்கு ஒன்றும் கிடையாது. பெட்டிக்குள் நின்று தலை சீவிக்கொள்கிறவர்கள் அப்படி ஒன்று இருப்பதையே அறியமாட்டார்கள். ஊரையும் விட முடியாது, நம்ம ஆசையையும் விட முடியாது, பேலன்ஸ் பண்ணித்தான் போகணும் அரசி என்று அவன் அடிக்கடி சொல்வான். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஊர் வரும்போது ரயிலில் சொல்வான். அழகாகப் பேலன்ஸ் பண்ணியிருக்கிறான். வேண்டிய வாழ்க்கையும் கிடைத்தது, ஞாயிறு அமைதியும் கிடைத்தது, ஊரில் பெண்டாட்டியைக் கைவிடாத உத்தமன் என்று தோளில் தட்டலும் கிடைத்தது. மறுமுனையில் என்ன தொங்குகிறது என்று நான்தான் கவனிக்கவில்லை. தொழிலே அதுதான், இருந்தும் கவனிக்கவில்லை. ஒருவர்தான் பாக்கி. இப்போதே எழுந்து வெளியே போய்விடலாம். அல்லது நாற்காலி முன்னால் நின்று சொல்லிவிடலாம், எனக்குக் குறை ஒன்றும் இல்லை, எங்களுக்குப் பிள்ளை வேண்டாம், அவ்வளவுதான். நான்கைந்து விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் பொய் மாதிரியே கேட்கிறது. பிள்ளை பெற முடியாதவள் ரோஷத்துக்குச் சொல்கிறாள் என்பார்கள். இந்த உண்மைக்கு என் வாயில் மதிப்பில்லை. அவன் வாயில் இருந்தது. அவன் அதை வேறு எதற்கோ செலவழித்துவிட்டான். உட்கார்ந்தால் காலையில் கேட்டது அத்தனையும் சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகும். உட்காராவிட்டால் சுபாவின் நாளை நான் கெடுத்ததாகும், அவள் பிரசவத்தில் தலைவலி வந்தாலும் என் பெயரைச் சொல்வார்கள்.

ஏ அரசி, வா தாயி, என்று செண்பகம் சித்தி கையை நீட்டிவிட்டாள். சுபாவை இரண்டு பேர் தாங்கி எழுப்புகிறார்கள். அவள் என் பக்கம் வந்து, உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம் மைனி, என்று காதில் சொல்கிறாள். இன்றைக்கு என்னிடம் அதைச் சொன்ன ஒரே ஆள். அதனாலேயே கால் முன்னால் போகிறது, அவளுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் நூறு பேர் திரும்பிப் பார்த்தால் என் கால் எப்போதுமே முன்னால்தான் போகும். நடுவழியில் நின்றுவிடுகிற கால் எனக்கு இல்லை. உட்கார்ந்துவிட்டேன். வெல்வெட் சூடாகத்தான் இருக்கிறது, ஈரச் சூடு, இன்னொருத்தி உடம்பின் வியர்வை புடவை வழியாகத் தொடையில் ஏறுகிறது. கூசுகிறது. எழுந்துகொள்ளலாம் என்றால் மடியில் தட்டு வைத்துவிட்டார்கள். வளையல் சுபா அளவுக்கு வாங்கியது, இரண்டு நாலு. எனக்கு இரண்டு ஆறு. சித்தி விடவில்லை, சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி எலும்பு நெரிய நெரிய ஏற்றுகிறாள். "வலிக்கும், பொறுத்துக்கோ. இறுக்கமா இருந்தாத்தான் நல்லது. பிள்ளையப் பெத்த பொறவுதான் இது கழலும், பாத்துக்கோ." கைக்கு ஏழு. செவ்வாய்க்கிழமை எனக்கு மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் ஆய்வு, மின்சாரப் பலகைக்குள் கைவிட வேண்டும், வளையலோடு விட முடியாது. அதை யாரிடம் சொல்ல. அத்தை என் கன்னத்தில் சந்தனம் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், அவள் அழுகை நிஜம், அதுதான் தாங்கவில்லை. போட்டோக்காரர், சார் நீங்களும் வாங்க, பின்னால நில்லுங்க என்கிறார். அவன் வருகிறான். என் தோளில் கை வைக்கிறான். பக்கவாட்டில் நிமிர்ந்து பார்த்தேன். அவன் கண்ணும் கலங்கியிருக்கிறது. நடிப்பில்லை. அவனுக்கு அவன்மேலேயே அவ்வளவு இரக்கம்.

கை கழுவுகிற இடத்தில் சோப்பு போட்டு ஒன்றையாவது கழற்றப் பார்க்கிறேன். வரவில்லை, எலும்பில் வந்து நிற்கிறது, தோல் சிவந்து உப்பிவிட்டது. பின்னால் பந்தி. புளியோதரை வாசனை. அவன் பக்கத்துக் குழாயில் கை நனைத்துக்கொண்டே, குனிந்து, வீட்டுக் குரலில், என்ன அரசி, நல்லா மாட்டிவிட்டாங்களா என்கிறான். அந்த நெய் தின்ற சிரிப்பு. நான் கண்ணாடியில் அவனைப் பார்த்தே கேட்டேன்.

"நீ அத்தைகிட்ட என்ன சொன்ன?"

நீ என்றது அவனுக்கு முதலில் உறைத்தது, திரும்பிப் பந்தியைப் பார்த்தான். பிறகுதான் கேள்வி. மறுப்பான் என்று நான் நினைத்தேன், மறுத்தால் நம்பிவிடலாம் என்றுகூட ஒரு மூலையில் தயாராக இருந்தேன். அவன் குழாயை மூடினான். "வேண்டாம்னு சொன்னா நம்புவாங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்."

"அதுக்கு நானா?"

"உன்னைச் சொன்னா அய்யோ பாவம்பாங்க," என்றான், ஒரு கணக்கை விளக்குகிற மாதிரி, பொறுமையாக. "என்னைச் சொன்னா சிரிப்பாங்க."

இதுதான். பதினொரு வருஷத்தில் அவன் சொன்னதிலேயே மிகச் சரியான வாக்கியம், ஒரு சொல்லை மாற்ற முடியாது. கோபம் வர வேண்டும், இதோ வரும் என்று காத்திருக்கிறேன், வருவதற்குப் பதிலாகக் கைதான் தானாக உயர்கிறது. தொட்டியின் விளிம்பு கறுப்புக் கிரானைட், கூர்மையாக இருக்கிறது. ஒரே தட்டு. பிள்ளையும் வேண்டாம் வளையலும் வேண்டாம், செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இருக்கிறது, கண்ணாடிதானே. மணிக்கட்டு விளிம்புக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கும்போது அவன் பிடித்துவிட்டான். இரண்டு கையாலும். அவன் முகத்தை அப்போது பார்த்தேன், ராகு காலத்தில் லாரியில் சாமான் ஏற்றியவன் முகம் வெளுத்துப்போய், உதடு காய்ந்து, வேண்டாம் அரசி, வேண்டாம் என்கிறான். புருஷன் உயிரோடு இருக்கையில் பெண்டாட்டி கையை ஓங்கி வளையல் உடைக்கக்கூடாது. அவனுக்கு என் கை பற்றிய பயம் இல்லை. என் கை கிழியும் என்று நினைத்தே பார்த்திருக்கமாட்டான். அவன் உயிருக்குப் பயம். இந்த மண்டபத்தில் கண்ணாடி உடைந்தால் கண்ணாடிதான் உடையும் என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன், இப்போது எனக்கே அது நிச்சயமில்லை, ஏனென்றால் நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கிரானைட் அதே விரற்கடை தூரத்தில் இருக்கிறது. அவன் விடவில்லை.

பந்தியில் யாரோ பார்த்துவிட்டார்கள். முதலில் செண்பகம் சித்தியின் குரல், வாயில் சோற்றோடு அத்தையைக் கூப்பிட்டு: "ஏ பிரமு மைனி, ஒம் மவனப் பாரு. வளையல் போட்டு ஒரு நாழிகை ஆவல, அதுக்குள்ள கையப் புடிச்சிக்கிட்டு நிக்கான்." இலைக்கு இலை சிரிப்பு ஓடியது. அத்தை வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். போட்டோக்காரர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, அப்படியே இருங்க சார், கைய எடுக்காதீங்க என்கிறார். அவனுக்கு முகத்தில் ரத்தம் திரும்ப வந்து, மெல்லச் சிரிப்பும் வந்துவிட்டது. நானும் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. கண்ணாடியில் அப்படித்தான் தெரிந்தது. மணிக்கட்டில் சோப்பு நுரை காய்ந்து இழுக்க ஆரம்பித்தது.